கரும்புச் சாறும் ரஸாயன மாறுதலின் வேகமும்

வெட்டிய கரும்பை ஆலையடியில் மூன்று நாள் அடுக்கி வைத்திருந்தால், வெயிலில் சற்று எடை குறைந்திருக்கும் என்று மட்டுமே குடியானவர் எண்ணுவது வழக்கம். எடைக் குறைவு தராசில் தெரியும். ஆனால் தராசில் தெரியாத வேறொரு நஷ்டமும் அதே மூன்று நாட்களில் நேர்ந்துவிடுகிறது. கரும்பிலுள்ள சர்க்கரை, கட்டியாக உறையும் தன்மையை இழந்து, எளிதில் உறையாத வேறு வகைச் சர்க்கரையாக மாறிக்கொண்டே யிருக்கிறது. அத்தகைய கரும்பின் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் வெல்லம் சரியாக இறுகாது, நிறம் கறுக்கும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் கசிந்து ஒழுகும். சங்கத்தின் கிடங்கில் ஈடாக வைக்கப்பட்ட வெல்லம் இவ்விதம் கசிந்துவிட்டால், அங்கத்தினருக்கு விலை குறைகிறது; சங்கத்துக்கோ கொடுத்த கடனுக்குரிய ஈடே குறைந்துபோகிறது.

இந்த நஷ்டத்துக்குத் தரகரையோ வியாபாரியையோ குறை கூறுவதில் பயனில்லை. இது ரஸாயன மாறுதலின் வேகத்தைப் பற்றிய விஷயம். ஒரு மாறுதல் எந்தெந்தக் காரணங்களால் விரைந்து நடக்கிறது, எந்தெந்தக் காரணங்களால் தாமதப்படுகிறது என்பதை அறிந்துகொண்டால், இந்த நஷ்டத்தின் பெரும்பகுதியை அங்கத்தினர்களே தடுத்துவிடலாம். அதற்கு வேண்டிய சாதனங்கள் கடிகாரம், சுத்தமான பாத்திரம், கொஞ்சம் சுண்ணாம்பு, சங்கத்தின் கட்டுப்பாடு ஆகியவையே.

சர்க்கரை பிளவுபடும் விதம்

கரும்பிலுள்ள சர்க்கரையை ரஸாயன சாஸ்திரிகள் ஸுக்ரோஸ் என்று அழைப்பர். இது குளூகோஸ், பிரக்டோஸ் என்னும் இரண்டு எளிய சர்க்கரைகள் ஒன்றோடொன்று இணைந்து உண்டான பொருள். இந்த இணைப்பின் இடையே ஜலம் புகுந்து அதைப் பிளந்துவிட்டால், ஸுக்ரோஸ் மறைந்து இரண்டு எளிய சர்க்கரைகளும் சம எண்ணிக்கையில் வெளிப்படுகின்றன. கணக்குப்படி 95 பங்கு ஸுக்ரோஸ் 5 பங்கு ஜலத்துடன் சேர்ந்து 100 பங்கு பிளவுச் சர்க்கரை ஆகிறது. இனிப்பு போய்விடுவதில்லை, ஆதலால் நாவில் வைத்துப் பார்ப்பவருக்கு இந்த மாறுதல் தெரியாது. ஆனால் பிளவுச் சர்க்கரை ஸுக்ரோஸைப்போல் மணியாக உறைவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. நல்ல வெல்லத்தில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்குவரை ஸுக்ரோஸ் இருப்பது வழக்கம். பிளவுச் சர்க்கரையும் ஓரளவு இருக்கவே செய்யும். அந்த அளவு மிகுந்தால் வெல்லம் கெடுகிறது.

ஒன்றை முதலிலேயே நினைவில் வைக்கவேண்டும். ஒருமுறை பிளவுபட்ட சர்க்கரையை ஆலையடியிலோ கொப்பரையிலோ மீண்டும் ஒட்டவைக்க எந்த உபாயமும் இல்லை. சுண்ணாம்பு சேர்த்தாலும், அழுக்கை எடுத்தாலும், தீயைக் கூட்டினாலும் குறைத்தாலும், போனது போனதே. ஆகையால் இங்கே செய்யக்கூடியது மாறுதலின் வேகத்தைக் குறைப்பதும், அதற்குக் கிடைக்கும் நேரத்தைக் குறைப்பதுமே.

வேகத்தை முதலில் அளந்தது

ரஸாயன மாறுதல்கள் யாவும் ஒரே வேகத்தில் நடப்பவையல்ல. வெடிமருந்து கண் இமைக்கும் நேரத்தில் எரிந்துவிடுகிறது. கலப்பைக் கொழு துருப்பிடிக்க நாட்கள் செல்கின்றன. குழியிலிட்ட தழை எருவாவதற்கு மாதங்கள் ஆகின்றன. இவற்றின் வேகத்தை எண்ணால் அளந்து ஒரு விதியில் அடக்கிய முதல் ஆராய்ச்சி, கரும்புச் சர்க்கரையைப் பற்றியதே என்பது கரும்பு பயிரிடுவோர் அறிந்து மகிழத்தக்க செய்தி. 1850-ல் ஜெர்மனி தேசத்து வில்ஹெல்மி என்பவர், சர்க்கரைக் கரைசலில் அமிலத்தைக் கலந்து, அது எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பிளவுபடுகிறது என்று கணக்கெடுத்தார்.

கரைசலைத் தொடாமலே அவர் அளந்த விதம் பின்வருமாறு. ஒரே தளத்தில் அதிரும்படி செய்யப்பட்ட ஒளியைச் சர்க்கரைக் கரைசலின் வழியே விட்டால், அந்தத் தளம் வலப்புறமாகத் திரும்புகிறது. சர்க்கரை பிளவுபட்ட பிறகு அதே ஒளி இடப்புறமாகத் திரும்புகிறது. வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு வரும் வழியில் ஒளி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கருவியில் பார்த்து, இன்ன நேரத்தில் இவ்வளவு சர்க்கரை மாறியிருக்கிறது என்று அவர் அறிந்தார்.

அவர் கண்ட விதி எளியது. எந்த நிமிஷத்திலும் மாறுதலின் வேகம், அந்த நிமிஷத்தில் மாறாமல் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது. உதாரணமாக, 100 பங்கு சர்க்கரையில் ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பாகம் பிளவுபடுமாயின், முதல் மணி முடிவில் எஞ்சுவது 90 பங்கு. இரண்டாவது மணியில் அந்தத் 90-ல் பத்தில் ஒரு பாகம் போக எஞ்சுவது 81. மூன்றாவது மணி முடிவில் எஞ்சுவது சுமார் 73. மற்ற நிலைமைகள் மாறாதிருக்கும் வரையில், சம காலத்தில் சம விகிதம் குறைந்துகொண்டே போகிறது.

இனி, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல காரணங்களை ஒவ்வொன்றாகக் கவனிக்கலாம். அவை பொருளின் இயல்பு, செறிவு, உஷ்ணம், மேற்பரப்பு, ஊக்கி என ஐந்து.

1. பொருளின் இயல்பு

ஒரே சூழ்நிலையில் வைத்தாலும் ஒரு பொருள் விரைவில் மாறும், மற்றொன்று மாறாமல் நிற்கும். இரும்பு துருப்பிடிக்கும் மழையில் தங்கம் மாறாதிருக்கிறது. அணுக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது இது. ஸுக்ரோஸில் இரண்டு எளிய சர்க்கரைகளைச் சேர்க்கும் பிணைப்பு, அமிலம் பட்டால் எளிதில் விட்டுப்போகும் இயல்புடையது. அதை மாற்ற மனிதனால் ஆகாது.

ஆயினும் எந்தக் கரும்பை எப்பொழுது வெட்டுவது என்பது குடியானவர் கையில் இருக்கிறது. முற்றாத கரும்பிலும் கரும்பின் நுனிப்பகுதியிலும் பிளவுச் சர்க்கரை இயற்கையாகவே அதிகம். பருவம் கடந்து நின்ற கரும்பிலும், காற்றில் சாய்ந்து தரையில் கிடந்த கரும்பிலும் அவ்வாறே. கோயமுத்தூரில் 1912-ல் ஏற்பட்ட கரும்பு அபிவிருத்தி நிலையத்தார் உயர்ந்த ரகங்கள் பலவற்றை உண்டாக்கியிருக்கின்றனர். ரகம் எவ்வளவு உயர்ந்ததாயினும், பருவம் தவறி வெட்டினால் அதன் பலன் முழுவதும் கிடைக்காது. நுனியைத் தாராளமாகக் கழித்துவிட்டு ஆட்டுவதால் சாறு சற்றுக் குறையலாம்; வெல்லத்தின் தரம் உயரும்.

2. செறிவு

ஒன்றோடொன்று மாறவேண்டிய பொருள்கள் நெருக்கமாக இருந்தால் அடிக்கடி மோதிக்கொள்கின்றன. ஆதலால் மாறுதல் விரைகிறது. நீர்த்துப் போனால் மோதல் குறைகிறது. வில்ஹெல்மியின் விதி இதையே காட்டுகிறது.

சர்க்கரை பிளவுபட ஜலமும் வேண்டும் என்று மேலே கூறப்பட்டது. வெல்லத்தில் ஈரம் மிகக் குறைவாயிருக்கும் வரை பிளவுக்கு வேண்டிய ஜலம் கிடைப்பது அரிது. மேலும், சர்க்கரையைத் தின்று வளரும் நுண்ணுயிர்கள் அவ்வளவு கெட்டியான சர்க்கரையில் பிழைக்க இயலாது. ஆகவேதான் நன்றாய்க் காய்ந்த வெல்லம் மாதக்கணக்கில் கெடாமல் நிற்க, சாறு ஒரே பொழுதில் புளித்துப் போகிறது. கிடங்கில் வெல்லம் ஈரத்தை இழுத்துக்கொண்டு மேற்புறம் கசிய ஆரம்பித்தால், அந்த மேற்புறத்தில் செறிவு குறைந்துவிட்டது என்று பொருள். அங்கேதான் புளிப்பும் பூஞ்சணமும் முதலில் தலைகாட்டும். கசிந்த கட்டியை நல்ல கட்டிகளோடு அடுக்கி வைப்பது, நல்லவற்றுக்கும் ஈரத்தைக் கொடுப்பதாகும்.

3. உஷ்ணம்

காரணங்கள் எல்லாவற்றிலும் உஷ்ணமே வலியது. 10 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் கூடினால் சாதாரண மாறுதல்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்காகும் என்பது, ஹாலந்து தேசத்து வான்ட் ஹாப் என்பவரின் பெயரால் வழங்கும் விதி. ரஸாயன சாஸ்திரத்துக்கு ஏற்பட்ட நோபல் பரிசை 1901-ல் முதன்முதலாகப் பெற்றவர் இவரே. அமிலம் கலந்த சர்க்கரையின் விஷயத்தில், சாதாரண உஷ்ண நிலையில் இந்தப் பெருக்கம் சுமார் நான்கு மடங்கு. கொதிநிலையை நெருங்குகையில் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்.

இவ்வளவு சிறு உஷ்ணம் ஏன் இவ்வளவு பெரிய வேகத்தைத் தருகிறது? சுவீடன் தேசத்து அரேனியஸ் என்பவர் 1889-ல் இதற்கு விடை கண்டார். அவர் ஆராய்ந்ததும் கரும்புச் சர்க்கரை பிளவுபடுவதையே. மோதிக்கொள்ளும் அணுத்திரள்கள் எல்லாம் மாறிவிடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலிமையுடன் மோதுபவை மட்டுமே மாறுகின்றன என்பது அவர் கொள்கை. நிரம்பும் தறுவாயிலுள்ள ஏரியை நினைத்துக்கொள்ளலாம். நீர்மட்டம் கலிங்குக்குச் சற்றுத் தாழ இருக்கையில், எங்கோ ஒரு பெரிய அலை மட்டும் கலிங்கைத் தாண்டி விழும். நீர்மட்டம் நான்கு விரல் உயர்ந்தால், ஏரியின் நீர் அதிகம் கூடியதாகத் தோன்றாது. ஆனால் கலிங்கைத் தாண்டும் அலைகள் பல மடங்காகிவிடும். உஷ்ணம் கூடுவதும் அத்தகையதே. மோதல்களின் எண்ணிக்கை சிறிதளவே கூடுகிறது. தடையைத் தாண்டத்தக்க மோதல்கள் மட்டும் பல மடங்காகின்றன.

நிழலில் சுமார் 30 டிகிரியில் இருக்கும் சாற்றுக்கும் 100 டிகிரியில் கொதிக்கும் சாற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்விதம் கணக்கிட்டால், அமிலத்தால் நேரும் பிளவு இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் விரைகிறது. புளிப்புள்ள சாற்றைக் கொப்பரையில் வீணாக அரை மணி கொதிக்கவிடுவதால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

4. மேற்பரப்பு

பெரிய விறகுக் கட்டை மெதுவாக எரிகிறது. அதையே சிராய்களாகப் பிளந்தால் உடனே பற்றுகிறது. கட்டைக்கும் சிராய்க்கும் மரம் ஒன்றே. காற்றுப்படும் பரப்புத்தான் வேறு. வெவ்வேறு நிலையிலுள்ள இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்திலேயே மாறுதல் நடக்குமாயின், சந்திக்கும் பரப்பு கூடக்கூட வேகம் கூடும்.

கரும்பின் பட்டை இயற்கை தந்த உறை. அது பழுதுபடாத வரை உள்ளேயுள்ள சாற்றைக் காற்றும் நுண்ணுயிரும் எளிதில் அணுகுவதில்லை. வெட்டுவாய்களிலும், வண்டியேற்றும்போது நசுங்கிய கணுக்களிலும், புழு துளைத்த இடங்களிலும், எலி கடித்த இடங்களிலும் கெடுதல் நுழைகிறது. ஆகவே ஒரே கரும்பை வீணாகப் பல துண்டுகளாக நறுக்கி அடுக்குவது கூடாது. கழித்த நுனிகளையும் சேதமுற்ற கழிகளையும் நல்ல கரும்போடு கலந்து வைக்கவும் கூடாது.

சுண்ணாம்பு சேர்ப்பதற்கும் இந்த விதி பொருந்தும். கட்டிச் சுண்ணாம்பைக் கொப்பரையில் போட்டால், அது விழுந்த இடத்தில் அளவு மிஞ்சிச் சாறு கறுக்கும். மற்ற இடங்களில் புளிப்பு அப்படியே நிற்கும். நன்றாய் நீற்றி, நீரில் கரைத்து, வடிகட்டி, சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் சாறு முழுவதிலும் ஒரே சீராகப் பரவும்.

5. ஊக்கிகள்

மாறுதலில் தான் செலவழிந்து போகாமல், அதன் வேகத்தை மட்டும் கூட்டும் பொருளை ஊக்கி என்று கூறலாம். இந்தச் சக்திக்கு 1835-ல் பெயரிட்டவர் சுவீடன் தேசத்து பெர்ஸீலியஸ். சந்தையில் தரகர் ஒருவர் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைத்துவிட்டு, தாம் ஒன்றும் இழக்காமல் அடுத்த பேரத்துக்குப் போய்விடுகிறார். ஊக்கியின் தொழிலும் அதுவே. ஆதலால் மிகச் சிறிய அளவு ஊக்கி, மிகப் பெரிய அளவு பொருளை மாற்றிவிடக்கூடும். கரும்புச் சாற்றில் இரண்டு விதமான ஊக்கிகள் உள்ளன.

முதலாவது, அமிலம். புதிய சாற்றிலேயே இயற்கைப் புளிப்பு சிறிது உண்டு. புளிப்பை அளப்பதற்கு 1909-ல் டென்மார்க் தேசத்து ஸோரன்ஸன் என்பவர் பி.எச். என்னும் எண்முறையை ஏற்படுத்தினார். புளிப்போ காரமோ இல்லாத சுத்த ஜலத்தின் எண் 7. எண் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு. இரண்டு குறைந்தால் நூறு மடங்கு. புதிய கரும்புச் சாற்றின் எண் சுமார் 5 முதல் 5½ வரை இருக்கும். அமிலத்தால் சர்க்கரை பிளவுபடும் வேகம் இந்தப் புளிப்பின் அளவுக்குத் தக்கபடியே செல்லுகிறது. சாற்றின் எண்ணை ஒன்று உயர்த்தினால், அமிலத்தால் நேரும் நஷ்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இரண்டாவது, என்ஸைம் என்னும் உயிர் ஊக்கி. சர்க்கரையைப் பிளக்கும் என்ஸைமுக்கு இன்வர்ட்டேஸ் என்று பெயர். கரும்பிலேயே அது இருக்கிறது. காற்றிலிருந்தும், பாத்திரங்களில் ஒட்டிய பழைய சாற்றிலிருந்தும் வந்து சேரும் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. 1913-ல் பெர்லின் நகரில் மிகேலிஸ் என்பவரும், கானடா தேசத்து மாதரான மாட் மென்டன் என்பவரும் சேர்ந்து இந்த என்ஸைமின் வேகத்தை ஆராய்ந்து ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டனர். சர்க்கரை குறைவாயுள்ளபோது, அது கூடக்கூட வேகமும் கூடுகிறது. சர்க்கரை ஓர் அளவுக்கு மேல் போனபின் வேகம் அதற்கு மேல் ஏறுவதில்லை. என்ஸைமின் அளவே வேகத்தை நிர்ணயிக்கிறது.

களத்தில் நெல் அளப்பவர் ஒருவரே இருந்தால், காத்து நிற்கும் வண்டிகள் பத்தானாலும் நூறானாலும் அளக்கும் வேகம் ஒன்றுதான். அளப்பவர் இருவரானால்தான் வேகம் இரட்டிக்கும். கரும்புச் சாற்றில் சர்க்கரை ஏராளம். அளப்பவர்களாகிய என்ஸைமின் அளவு எவ்வளவு என்பதே கேள்வி. அமிலத்தைப்போல் இது ஒரே அளவில் நிற்பதுமில்லை. நுண்ணுயிர்கள் பெருகப் பெருக என்ஸைமும் பெருகுகிறது. அவை உண்டாக்கும் புளிப்பும் பெருகுகிறது. ஆகவே கரும்பும் சாறும் காத்திருக்கையில் நஷ்டம் முதலில் சிறிதாகத் தோன்றிப் பிறகு விரைகிறது. முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்று கண்டவர், மூன்றாம் நாளும் அவ்வாறே இருக்கும் என்று எண்ணுவது இதனாலேயே தவறாகிறது.

பாத்திரச் சுத்தத்தின் அவசியமும் இதனால் விளங்கும். நேற்றைய சாறு விளிம்பில் ஒட்டிக் காய்ந்த தொட்டி, பாலுக்குப் பிரை குத்திய பாத்திரத்துக்கு ஒப்பானது. அதில் இன்று விழும் புதிய சாறு, விழும்போதே பிரையோடு சேருகிறது. ஆலையின் உருளைகள், சாறு வழியும் தகடு, வடிகட்டும் துணி, தொட்டி ஆகிய யாவற்றையும் வேலை முடிந்தவுடன் வெந்நீரால் கழுவவேண்டும்.

சுண்ணாம்பின் உபயோகம்

பனையேறிகள் பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது தொன்றுதொட்ட வழக்கம். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்குவது கள். தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். நுண்ணுயிர்கள் பெருகாதபடி சுண்ணாம்பு தடுப்பதே இதற்குக் காரணம். பெயரறியாமலே ஊக்கியை அடக்கும் வித்தையைப் பனையேறிகள் கையாண்டு வந்திருக்கின்றனர்.

கரும்புச் சாற்றிலும் சுண்ணாம்பு நீர் புளிப்பை முறிக்கிறது; அழுக்கு திரண்டு மேலே வரவும் உதவுகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் வேறொரு கெடுதல் நேரும். காரமான சாற்றில் பிளவுச் சர்க்கரை சிதைந்து கருநிறப் பொருள்களாகிறது. வெல்லம் கறுத்து, சுவையும் கெடுகிறது. ஏற்கெனவே புளித்த சாற்றை மிகுதியான சுண்ணாம்பால் திருத்த முயலுவோர் பெறுவது இந்தக் கறுப்பு வெல்லத்தையே. சாற்றின் பி.எச். எண் 6-லிருந்து 6½ வரை வருமாறு சேர்ப்பது பொதுவாகத் தக்கது. எண்ணைக் காட்டும் பரீட்சைக் காகிதங்கள் விலை குறைந்தவை. சாற்றில் தோய்த்து, உண்டாகும் நிறத்தை அட்டையிலுள்ள நிறத்தோடு ஒத்துப் பார்த்தால் போதும். சங்கத்தின் ஆலையில் ஒரு கட்டு வைத்திருந்தால், கைப்பழக்கத்தை மட்டும் நம்பி அளவு தவறுவதைத் தவிர்க்கலாம்.

கொப்பரையடியில் கவனிக்க வேண்டியவை

உஷ்ணமும் ஊக்கியும் ஒன்றுக்கொன்று செய்யும் உதவியும் தடையும் கொப்பரையில் நன்றாய்த் தெரியும். என்ஸைமும் நுண்ணுயிர்களும் இளஞ்சூட்டில் மும்முரமாக வேலை செய்பவை. சூடு மிகுந்தால் அவை அழிந்துபோகின்றன. மார்கழியில் தயிர் தோய நேரமாவதும், சித்திரையில் விரைவில் புளிப்பதும், கொதிக்கும் பாலில் பிரை ஊற்றினால் தோயாமலே போவதும் வீட்டில் அன்றாடம் காணும் உதாரணங்கள். ஆகவே சாறு இளஞ்சூட்டில் நெடுநேரம் நிற்பது மிகவும் கெடுதல். அரைக் கொப்பரை சாற்றை அடுப்பின் மேல் வைத்து, மிகுதி சாறு வரும் வரை மந்தத் தீயில் காத்திருக்கும் வழக்கம் கைவிடத்தக்கது. கொப்பரைக்கு வேண்டிய சாறு சேர்ந்தவுடன் தீயை மூட்டி விரைவில் சூடேற்றவேண்டும்.

கொதிநிலையை அடைந்தவுடன் என்ஸைமின் பயம் நீங்குகிறது. அமிலத்தின் பயம் தொடங்குகிறது. இப்பொழுது காப்பவை இரண்டே: தக்க அளவு சுண்ணாம்பு, குறைந்த நேரம். அகலமான, ஆழம் குறைந்த கொப்பரையில் நீராவி வெளியேறும் பரப்பு அதிகமாதலால் சாறு சீக்கிரம் வற்றும். நன்றாய் உலர்ந்த சக்கை ஜ்வாலையோடு எரிந்து நேரத்தைக் குறைக்கும். ஈரச் சக்கை புகைந்து நேரத்தை நீட்டும். எனவே சக்கையை உலர்த்துவதும் சர்க்கரையைக் காப்பாற்றும் காரியங்களில் ஒன்றாகிறது.

பாகு கெட்டியாகும் கடைசிக் கட்டத்தில் உஷ்ணம் 100 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது. கட்டி வெல்லத்துக்குச் சுமார் 116 முதல் 118 டிகிரிவரை வரும்போது பதம் கிடைக்கும். இந்த நிலையில் நிறம் கறுப்பதும் மிக விரைவாக நடக்கும். தீயைத் தணித்துக்கொண்டு, பதம் வந்தவுடன் தாமதமின்றி இறக்கி, பரந்த தட்டில் ஊற்றிக் கிளறி ஆற்றவேண்டும். பதம் தப்பிய ஐந்து நிமிஷம் நாள் முழுவதும் பட்ட பாட்டைக் கெடுத்துவிடும்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

இதுவரை கூறியவற்றில் பாதியை ஒவ்வோர் அங்கத்தினரும் தனியாகச் செய்துகொள்ளலாம். ஆனால் வெட்டுக்கும் ஆட்டுக்கும் இடையேயுள்ள நேரத்தைக் குறைப்பது எவராலும் தனியாக ஆகாது. மாடு கட்டி ஆலையாட்டிய காலத்திலும் சரி, எண்ணெய் எஞ்சினோ மின்சார மோட்டாரோ வைத்த ஆலையிலும் சரி, ஓர் ஆலை ஒரு நாளில் ஆட்டக்கூடிய கரும்புக்கு ஓர் எல்லை உண்டு. உதாரணமாக, நாளொன்றுக்கு 5 டன் ஆட்டும் ஆலைக்கு, பொங்கல் சந்தையை எண்ணி மூவர் ஒரே நாளில் ஐந்தைந்து டன் வெட்டிக் கொண்டுவந்தால், மூன்றாமவர் கரும்பு மூன்றாம் நாள் முடிவில்தான் ஆடி முடியும். முந்தி வெட்டினால் முந்தி ஆட்டலாம் என்று எல்லாரும் வெட்டுவதால், ஆலை வேகம் கூடுவதில்லை. களத்தில் கெடும் கரும்புதான் கூடுகிறது. முறை யாருடையது என்ற மனஸ்தாபம் வேறு மிஞ்சுகிறது.

இதற்குப் பரிகாரம் முறைப் புஸ்தகம். பருவம் தொடங்குமுன் பஞ்சாயத்தார் கூடி, யார் யார் கரும்பு எப்பொழுது முற்றும் என்று கேட்டெழுதி, ஆலையின் சக்திக்குத் தக்கபடி நாள் குறிக்கவேண்டும். சமமான உரிமையுள்ளவர்களுக்குள் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்யலாம். நாள் சீட்டு கைக்கு வருமுன் ஒருவரும் வெட்டலாகாது. ஆலை பழுதுபட்டு நின்றால் அன்றே ஆள் அனுப்பி மறுநாள் வெட்டை நிறுத்தவேண்டும்.

வெல்லத்தைச் சேர்த்து விற்கும் சங்கங்கள் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். தரம் பாராமல் எல்லாக் கட்டிகளையும் ஒரே குவியலாகச் சேர்த்தால், மூன்று நாள் காத்த கரும்பின் வெல்லம், அன்றே ஆட்டிய கரும்பின் வெல்லத்தின் விலையையும் இழுத்துவிடும். ஜாக்கிரதையாக நடந்தவருக்கு அதற்குரிய விலை கிடைக்காவிட்டால், அடுத்த பருவத்தில் அவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காரணம் என்ன? வெட்டிய நாள், ஆட்டிய நாள், அங்கத்தினர் எண் ஆகியவற்றை ஒவ்வோர் அடுக்கிலும் எழுதி, தரம் பிரித்து, தரத்துக்குத் தக்க விலையும் கடனும் கொடுப்பதே நியாயமும் லாபமும் ஆகும்.

அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டியவை

1. முற்றிய கரும்பை மட்டும் வெட்டுக, நுனியைக் கழித்துவிடுக.
2. வெட்டிய கரும்பை அன்றே ஆட்டுக. எக்காரணத்தாலும் 24 மணிக்கு மேல் வைக்காதிருக்க முயலுக.
3. காத்திருக்க நேர்ந்தால் நிழலில் அடுக்கி, தோகையால் மூடி வைக்குக. துண்டு துண்டாக நறுக்கவேண்டாம்.
4. உருளை, தகடு, துணி, தொட்டி யாவற்றையும் தினந்தோறும் வெந்நீரால் கழுவுக.
5. சாற்றை இளஞ்சூட்டில் நிறுத்தி வைக்காமல் விரைவில் கொதிக்க வைக்குக.
6. சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டிச் சிறிது சிறிதாகச் சேர்க்குக; பரீட்சைக் காகிதத்தால் அளவு பார்க்குக.
7. உலர்ந்த சக்கையை எரித்து நேரத்தைக் குறைக்குக. பதம் வந்தவுடன் இறக்குக.
8. வெல்லத்தை நன்றாய் ஆறவைத்து, ஈரம் படாத கிடங்கில், தரைக்கு மேல் பலகையிட்டு அடுக்குக. கசிந்த கட்டியை உடனே பிரித்தெடுக்க.

கரும்பு வயலில் நின்று சர்க்கரை சேர்க்கப் பத்துப் பன்னிரண்டு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் விதைக் கரணையின் விலையும், எருவும், தண்ணீரும், ஆள்கூலியும், அவற்றுக்காகச் சங்கத்தில் வாங்கிய கடனும் அதில் அடங்கிவிடுகின்றன. இவ்வளவையும் வெட்டுக்குப் பிந்திய சில நாட்களில் கசிய விடாதிருக்க, பருவத்துக்கு முந்திய மாதக் கூட்டத்திலேயே முறைப் புஸ்தகத்தைத் திறப்பது ஒவ்வொரு சங்கத்துக்கும் தக்க காரியமாகும்.